உடைமரத்திலும் சிரட்டையிலும் கேஸ் எடுக்க: நெல்லைச் சீமைக்கு ஒரு கேசிஃபையர் வழிகாட்டி

கேசிஃபையர் என்பது விறகைக் குறைந்த காற்றில் கனியவைத்து, எரியும் கேஸாக மாற்றும் எந்திரம். அதைப் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட் கரண்ட் வரும்?" என்பதுதான். புதியவர்கள் அங்கிருந்து தொடங்கக் கூடாது. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். எந்த விறகாலும் அதோடு போட்டி போட முடியாது. இன்ஜினுக்குக் கேஸ் கொடுப்பதென்றால் விறகுப் புகையில் வரும் பிசுபிசுப்பான தாரும் தூசியும் மிஞ்சாமல் வடிகட்ட வேண்டும், அதற்குத் தனி அனுபவம் வேண்டும். பர்னரில் எரிக்க அத்தனை சுத்தம் தேவையில்லை. காலை முதல் இரவு வரை அடுப்பு அணையாத தொழில் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறது: அல்வா கிண்டும் பட்டறை, நெல் அவிக்கும் ஆலை, கருப்பட்டி காய்ச்சும் விளை, மண்டபச் சமையற்கட்டு, மாணவர் விடுதி. அங்கே தீரும் சிலிண்டரைக் குறைப்பதே முதல் வேலையாக இருக்கட்டும். அதனால் இந்தக் கட்டுரை மணிக்கு 10 கிலோ விறகு தின்னும், சூட்டுக்கு மட்டுமான ஒரு சிறிய கேசிஃபையரைப் பற்றியது.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த 10 கிலோ விறகிலிருந்து ஏறக்குறைய 24 கன மீட்டர் கேஸ் வரும். கன மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ கலோரி என்று வைத்தால் மணிக்கு 26,000 கிலோ கலோரி. சிலிண்டர் கேஸ் ஒரு கிலோவில் ஏறத்தாழ 10,900 கிலோ கலோரி இருக்கிறது. அதாவது 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றின் வேலையை 80 கிலோ காய்ந்த விறகு செய்யும், எட்டு மணி நேரத்தில். இன்றைய சிலிண்டர் விலையை 80-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ விறகு, வெட்டுக்கூலி, காயவைக்கும் கூலி எல்லாம் சேர்த்து அந்தத் தொகையில் பாதிக்குள் உங்களுக்கு அடங்கினால் மட்டும் மேலே படியுங்கள். மீதிப் பாதி, ஆள் சம்பளத்துக்கும் ப்ளோயர் கரண்டுக்கும் வருடத்துக்கு ஒருமுறை கழுத்தை (நெருப்புக் கூட்டின் குறுகிய அடிப்பகுதியை) மாற்றும் செலவுக்கும் போய்விடும்.

உள்ளே நடப்பது என்ன

அடுப்பில் ஈர ஓலையை வைத்தால் புகை அடர்ந்து கண்ணைக் கரிக்கும். ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அந்தப் புகையே 'பக்'கென்று பற்றிக்கொள்ளும். கண்ணைக் கரித்த புகை எரிபொருள்தான், எரிய இடம் கிடைக்காமல் வெளியேறிக்கொண்டிருந்தது. கேசிஃபையர் அந்தப் புகையை வெளியே விடாமல், செக்கச்செவேல் என்று கனியும் கரிக்குள் இழுத்துவிட்டு உடைக்கிறது.

ஒரு கிலோ விறகு முழுதாக எரிய ஆறு கிலோ காற்று வேண்டும். இங்கே கொடுப்பது ஒன்றரை கிலோ மட்டும். மேலே தொட்டியில் விறகு காய்கிறது. அதற்குக் கீழே 200 முதல் 500 டிகிரிக்குள் கரியாகவும் புகையாகவும் பிரிகிறது. காற்று நுழையும் நாசில் மட்டத்தில் சூடு 1,000 டிகிரியைத் தாண்டுகிறது, புகையிலுள்ள தார் அங்கேதான் உடைகிறது. அதற்கும் கீழே கரிப்படுகை. எரிந்து உண்டான கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அந்தக் கரியில் பட்டு கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. கடைசியில் கிடைக்கும் கேஸில் கார்பன் மோனாக்சைடு 18 முதல் 22 சதவீதம், ஹைட்ரஜன் 15 முதல் 20, மீத்தேன் இரண்டு மூன்று. மீதியில் பெரும்பகுதி காற்றோடு வந்த நைட்ரஜன். அது எரியாது, சும்மா கூட வரும். இந்தக் கேஸில் ஏன் சூடு இவ்வளவு குறைவு என்பதற்கும் சிலிண்டர் பர்னர் ஏன் இதற்கு உதவாது என்பதற்கும் நைட்ரஜன்தான் காரணம்.

இது புது வித்தையும் அல்ல. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. அந்த நாளில் பஸ்கள் ஓடியது கரியில், விறகில் அல்ல. கரியில் தார் ஏற்கெனவே போய்விட்டது; ஆகவே சின்ன எந்திரத்திலும் சுத்தமான கேஸ் வந்தது. விறகைப் போடுகிற நாம் அந்தத் தாரை உள்ளேயே உடைத்தாக வேண்டும். அளவு, ஈரம், சூடு என்று கீழே வரும் அத்தனை கண்டிப்பும் இந்த ஒன்றுக்காகத்தான்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

சீமைக்கருவேல், நம் பக்கத்து வழக்கில் உடைமரம், தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல விறகு கிடையாது. கனம் அதிகம், சாம்பல் குறைவு, வெட்ட வெட்டத் துளிர்க்கும். மணிக்கட்டு மொத்தக் கிளைகளை வாங்குங்கள், தூர்க்கட்டை வேண்டாம். தூரோடு மண் வரும். இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் ஒட்டிய தூர்க்கட்டையைப் போட்டால், அந்த மணல் நாசிலுக்கு எதிரே உருகிக் கண்ணாடிக் கட்டியாக உறைந்துவிடும். குளத்துப் புறம்போக்கில் நிற்கும் உடையை உரிய அனுமதியோ ஏலமோ இல்லாமல் வெட்டாதீர்கள்.

சிரட்டை அருமையான எரிபொருள், சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் சிரட்டைக் கரிக்கு ஏற்றுமதிச் சந்தை இருப்பதால் விலை ஏறிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பி எந்திரம் போட வேண்டாம். அரைச்சிரட்டைகளை அப்படியே கொட்டினால் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கிக்கொண்டு இறங்காது. 25 மி.மீ. துண்டாக உடைத்தே போட வேண்டும்.

பனை மட்டை, தென்னை மட்டை, பாளை எல்லாம் எரியும். நாரும் லேசும் என்பதால் தனியாகப் போட்டால் தொட்டியில் பின்னிக்கொண்டு தொங்கும். மூன்று பங்கு உடைக்கு ஒரு பங்கு மட்டை என்று கலந்து போடுங்கள். பனையில் விழுந்த மட்டையும் கழித்த மட்டையும் போதும். மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், வெட்டவும் கூடாது.

உமியைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் ஆலைகள் இருப்பதால். உமியில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். மணிக்கு 10 கிலோ உமி என்றால் 2 கிலோ சாம்பல் இறங்க வேண்டும், கழுத்து வைத்த கேசிஃபையரில் அது இறங்காது, அடைத்துக்கொள்ளும். உமிக்குக் கழுத்தே இல்லாத, சாம்பலை ஓயாமல் வெளியே தள்ளும் வேறு வகை எந்திரம் உண்டு. இந்தக் கட்டுரையின் எந்திரத்தில் ஒரு கூடை உமிகூடப் போடாதீர்கள். பத்தமடைக் கோரைக் கழிவு, பீடி இலைக் கத்தரிப்பு, தேங்காய் நார்க்கழிவு, மரத்தூள் ஆகியவையும் அப்படியே கூடாது. பொடியும் இலையும் கரிப்படுகையை மூச்சடைக்க வைக்கும். மரத்தூளை அழுத்திய கட்டியாக வாங்கினால் போடலாம்.

களக்காடு, ஏர்வாடியில் வாழைத் தண்டு மலை மலையாகக் கிடக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அது சாண எரிவாயுக் கலனுக்கும் உரக்குழிக்கும் போக வேண்டிய பொருள். ஊர்க்குப்பை, பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் ஆகியவை எந்த நிலையிலும் வேண்டாம். பி.வி.சி. ஒரு துண்டு போனால் உள்ளே அமில ஆவி உண்டாகி இரும்பைத் தின்னும், வெளியே வருவது ஆளைத் தின்னும். சாப்பாடு சமைக்கும் இடத்தில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஈரம்

பச்சை உடையில் பாதி எடை வரை தண்ணீர் இருக்கும். நமக்கு வேண்டியது 15 சதவீதம். 20-க்கு மேல் போனால் எந்திரம் முரண்டு பிடிக்கும். 30 சதவீத ஈரமுள்ள விறகை மணிக்கு 10 கிலோ போடுவது, நெருப்பின் தலையில் மணிக்கு 3 லிட்டர் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். அந்தத் தண்ணீரை ஆவியாக்க எடுத்துக்கொள்ளும் சூடு, நாசில் மட்டத்திலிருந்து திருடப்படுகிறது. அங்கே சூடு இறங்கினால் தார் உடையாமல் குழாய்க்குள் வரும், ஆறும், படியும். மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய குழாய்ச் சுத்தம் வாரத்துக்கு இரண்டாகும்.

முதலில் துண்டாக்குங்கள், பிறகு காயவையுங்கள். முழுக்கட்டை மாதக்கணக்கில் காயும். துண்டுகள் பங்குனி, சித்திரை வெயிலில் சிமெண்ட் களத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, தினம் இரண்டு தடவை கிளறிவிட்டால் சில நாட்களில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டியதைப் புரட்டாசிக்குள் தகரக் கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். நாள் ஒன்றுக்கு 80 கிலோ வீதம் இரண்டு மாத மழைக்கு ஏறக்குறைய 5 டன். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு; அவர்கள் இரண்டு முறை சேமிக்க வேண்டும்.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். குவியலின் நடுவிலிருந்து எடுத்த துண்டுகளில் 500 கிராம் நிறுத்து, 105 டிகிரி வைத்த ஓவனில் போடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை அதற்கு மேல் குறையாத இடத்தில் நிறுத்துங்கள். 425 கிராமில் நின்றால் போனது 75 கிராம், அதாவது 15 சதவீத ஈரம். 400-க்குக் கீழே போனால் அந்தக் குவியல் இன்னும் வெயிலைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை நாலைந்து முறை செய்தபின் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிக் கேளுங்கள். காய்ந்தது 'டக்'கென்று சொல்லும், ஈரமானது மொத்தென்று சொல்லும். காது பழகிவிடும், இருந்தாலும் வாரம் ஒருமுறை தராசை விட்டுவிடாதீர்கள்.

துண்டின் அளவு 20 முதல் 30 மி.மீ.; பெருவிரலின் மேல் கணு என்று ஆட்களுக்குச் சொல்லிக் காட்டலாம். கழுத்து விட்டத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. அரை அங்குலச் சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளிவிடுங்கள்.

உடம்பு: அளவுகள்

லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த பட்டறை ஒன்றில் செய்துவிடலாம். வரைபடம் இல்லாமல் "பார்த்துச் செய்யுங்க அண்ணாச்சி" என்று விட்டுவிட்டு வராதீர்கள். இதில் பத்து மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

நெருப்புக் கூடு 250 மி.மீ. உள்விட்டம். அது சரிந்து குறுகி 90 மி.மீ. கழுத்தில் முடியும். கழுத்துக்கு 100 மி.மீ. மேலே சுற்றிலும் ஐந்து காற்று நாசில்கள், ஒவ்வொன்றும் 10 மி.மீ. துளை. நாசில் முனைகள் சுவரிலிருந்து 30 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், ஐந்து முனைகளையும் தொட்டு வரையும் வட்டத்தின் விட்டம் 190 மி.மீ. ஐந்து என்ற ஒற்றைப்படை எதற்கென்றால், ஒரு நாசிலின் காற்று நேர் எதிர் நாசிலில் போய் முட்டாமல் இரண்டு நாசில்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த மூலையில் பாய வேண்டும். கழுத்துக்குக் கீழே 200 மி.மீ. ஆழத்துக்குக் கரிப்படுகை, அதற்கடியில் 10 மி.மீ. இடைவெளி விட்ட கம்பிச் சல்லடை, வெளியிலிருந்து அசைக்க ஒரு கைப்பிடி. சல்லடைக்குக் கீழே சாம்பல் அறை 200 மி.மீ.

கழுத்தைப் பெரிதாக்கினால் அதிகக் கேஸ் வரும் என்று நினைப்பது முதல் தடவை செய்கிறவர்களின் வழக்கமான தவறு. 90-க்குப் பதில் 130 மி.மீ. வைத்தால் பரப்பு இரண்டு மடங்காகும். அதே 24 கன மீட்டர் கேஸை இழுக்கும்போது நெருப்பு நடுவில் மட்டும் கனிந்து ஓரம் குளிர்ந்து கிடக்கும், தார் அந்த ஓரத்து வழியாக நழுவி இறங்கிவிடும்.

கழுத்தும் கூடும் சாதா இரும்பில் செய்தால் சூட்டில் சீக்கிரமே அரித்து உதிரும். 310 ரக ஸ்டெயின்லெஸ் நல்லது; அல்லது இரும்புக் கூட்டுக்குள் சூடு தாங்கும் உயர் அலுமினா காஸ்டபிள் சிமெண்ட் ஊற்றி வார்க்கலாம். வார்த்ததை ஒரு நாள் ஆறவிட்டு, அடுத்த இரண்டு நாள் சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிப்பு விழும். கூட்டைச் சுற்றி 50 மி.மீ. செராமிக் கம்பளி சுற்றி அலுமினியத் தகடு போர்த்துங்கள்.

மேலே விறகுத் தொட்டியாக 200 லிட்டர் டிரம்மில் பாதி போதும். 30 கிலோ, அதாவது மூன்று மணி நேர விறகு பிடிக்கும். அதன் மூடியைப் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர்க் கால்வாய் வைத்து, தன் எடையால் உட்காரும் மூடியாக இருக்கட்டும். உள்ளே சிறு வெடிப்பு வந்தால் மூடி எழும்பி உட்காரும், டிரம் கிழியாது.

சாம்பல் அறைக்கு மேலிருந்து 50 மி.மீ. குழாய் புறப்பட்டு, கேஸைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சைக்ளோனுக்குப் போகும். சைக்ளோன் 100 மி.மீ. விட்டம், நுழைவாய் 50-க்கு 25, நேர் உடம்பு 200, கூம்பு 200, மேலே வெளியேறும் குழாய் 50 மி.மீ. அடியில் மூடிய தூசி டப்பா. பிறகு ப்ளோயர். ப்ளோயருக்குள் போகும் கேஸ் 150 டிகிரிக்கு மேல் இருந்தால் பேரிங் தாங்காது, ஆகவே சைக்ளோனுக்கும் ப்ளோயருக்கும் இடையே போர்வை இல்லாத வெறுங்குழாயை மூன்று மீட்டருக்கு ஓடவிட்டு, சூட்டை அளந்து பார்த்து நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அதேசமயம் நூறுக்குக் கீழே அதிகம் ஆறவிட்டால் தாரும் தண்ணீரும் குழாயில் படியத் தொடங்கும். ப்ளோயர் 200 மி.மீ. தண்ணீர் அழுத்தம் தர வேண்டும். மோட்டார் தீப்பொறி வெளிவராத வகை. ப்ளோயருக்குப் பின் குழாயின் பக்கக்கிளையில் 300 மி.மீ. ஆழம் தண்ணீர் நிற்கும் ஒரு பாதுகாப்புக் குடம் (கேஸ் இதன் வழியே ஓடாது, உள்ளே வெடித்தால் மட்டும் அழுத்தம் இதன் வழியே வெளியேறும்); அதன்பின் வால்வு வைத்து இரண்டு கிளை. ஒன்று கூரைக்கு மேலே போகும் சோதனைக் குழாய், மற்றது அடுப்புக்கு.

பர்னரில் ஒரு வார்த்தை. சிலிண்டர் கேஸ் ஒரு பங்குக்கு 24 பங்குக்கு மேல் காற்று கேட்கும். நம் கேஸுக்கு ஒரு பங்கு கேஸ், ஏறக்குறைய ஒரு பங்கு காற்று. ஆகவே சிலிண்டர் பர்னரின் ஊசித் துளையில் இது எரியாது. இரண்டு அங்குலக் குழாய், நுனிக்குச் சற்று முன்னால் மூடித் திறக்கும் காற்றுப் பொந்து, அதன்மேல் செங்கல் வளையம், அவ்வளவுதான். செங்கல் சூடேறிச் சிவந்தபின் நெருப்பு அணையாது.

கார்பன் மோனாக்சைடு

இந்தப் பகுதியைத் தாண்டி யாரும் நெருப்பு வைக்க வேண்டாம்.

நீங்கள் தயாரிக்கும் கேஸில் ஐந்தில் ஒரு பங்கு விஷம். நிறமில்லை, வாசமில்லை, காற்றின் எடைதான், மேலேயும் போகாது கீழேயும் தங்காது, ஆள் நிற்கும் உயரத்திலேயே கலந்து நிற்கும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஒரு புகழ்பெற்ற வரம்பு. அதற்கும் கீழே வைப்பதுதான் நல்லது. பேட்டரியில் ஓடும் அலாரம் இரண்டு வாங்குங்கள், ஒன்றை எந்திரத்தருகே மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள், மற்றதைச் சமையல்காரர் தலைக்கு அருகில்.

கொட்டகை நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையாக இருக்கட்டும். ஓலைக்கூரை கூடவே கூடாது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும். ஆட்கள் எந்திரத்துக்கு மேற்கே நிற்கட்டும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். ப்ளோயருக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் வெடிப்புக்கு வழி செய்யும். ப்ளோயருக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வரும். இரண்டும் ஆபத்து. வாரம் ஒருமுறை ப்ளோயரை ஓட்டி, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

தலை கனக்கிறது, குமட்டுகிறது, கால் தள்ளாடுகிறது என்று யாராவது சொன்னால் பித்தம் என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், 108-ஐக் கூப்பிட்டு, கார்பன் மோனாக்சைடு என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளை இந்தக் கொட்டகையில் வேலைக்கு வைக்காதீர்கள். இரவில் யாரும் அங்கே படுக்கக் கூடாது, மழை பெய்தாலும்.

பற்றவைப்பது

முதல் தடவை 3 கிலோ கரி வேண்டும். சல்லடையிலிருந்து நாசிலுக்கு மேல் நாலு விரல் வரை அந்தக் கரியை நிரப்புங்கள். இடையில் வெற்றிடம் இல்லாமல் கம்பியால் லேசாக இறக்கிவிடுங்கள். விறகை நேரடியாகப் போட்டுத் தொடங்குவது பெரிய பிழை. கரிப்படுகை இல்லாத அந்த அரைமணி நேரத்தில் தார் உடையாமல் மிக அதிகமாக வரும். கரிக்கு மேல் தொட்டியில் பாதிவரை விறகு போட்டு மூடியில் தண்ணீர் விடுங்கள்.

சோதனைக் குழாய் வால்வைத் திறந்து, அடுப்பு வால்வை மூடி, ப்ளோயரைப் போடுங்கள். தண்ணீர் ஏறி இறங்கும் அளவுக்குழாயில் உறிஞ்சல் தெரிந்தபின், எண்ணெய்த் துணி சுற்றிய கம்பியைப் பற்றவைத்து நாசில் வாய்களில் ஒன்றில் காட்டுங்கள். நெருப்பை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் எல்லா நாசிலிலும் ஆரஞ்சு வெளிச்சம் தெரிய வேண்டும்.

சோதனைக் குழாயில் முதலில் வெறும் வெண்ணாவி, பிறகு மஞ்சள் கலந்த கெட்டிப் புகை, அதன்பின் புகை மெலிந்து மெலிந்து கண்ணுக்குத் தெரியாததாக மாறும். குழாய்களில் இருந்த காற்று முழுவதும் வெளியேற ஐந்து நிமிடமாவது கேஸ் ஓடட்டும். அவசரப்பட்டு அதற்குள் நெருப்பு காட்டினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும்; தண்ணீர்க்குடம் வைத்தது இந்தத் தருணத்துக்காகத்தான். நீண்ட கம்பியில் எரியும் பந்தத்தைக் குழாய் வாயில் பக்கவாட்டில் நின்று காட்டுங்கள். பற்றிக்கொண்டு பந்தத்தை எடுத்தபின்னும் தானாக நின்று எரிய வேண்டும். நல்ல கேஸின் நெருப்பு வெயிலில் தெரியவே தெரியாது, மேலே காற்று நெளிவது மட்டும் தெரியும். மாலை வெளிச்சத்தில் இளநீலமும் நுனியில் ரோஜா நிறமும் காட்டும். மஞ்சளாக, நுனியில் கரி கக்கி எரிந்தால் தார் வருகிறது. நல்ல நெருப்பு பத்து நிமிடம் நின்று எரிந்தபிறகே அடுப்பு வால்வைத் திறந்துவிடுங்கள். அங்கேயும் விதி ஒன்றுதான்: முதலில் பந்தம், பிறகு கேஸ்.

விறகு போடும்போது ப்ளோயரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் புகை உங்கள் முகத்துக்கு வரும். ஓடும்போது மூடியை ஒரு பக்கம் மெல்லத் தூக்கி, ஒரு மூச்சு விட்டு, காற்று வரும் பக்கமாக நின்று, எட்டிப் பார்க்காமல் கொட்டி மூடுங்கள். தொட்டி நாலில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஓடும்போது வரும் தொல்லைகள்

அளவுக்குழாய்தான் இந்த எந்திரத்தின் நாடி. முதல் வாரம் எல்லாம் சுத்தமாக இருக்கும்போது கழுத்துக்குக் கீழே எத்தனை மி.மீ. உறிஞ்சல் என்று சுவரில் எழுதி வையுங்கள். அந்த எண் ஏறினால் சாம்பல் அடைக்கிறது. சல்லடைக் கைப்பிடியை நாலைந்து அசைப்பு அசையுங்கள். ஓயாமல் அசைத்தால் கரியும் சேர்ந்து கொட்டி, படுகை காலியாகித் தார் வரத் தொடங்கும். அசைத்தும் இறங்காவிட்டால் கட்டி உறைந்திருக்கிறது, அன்றைக்கு நிறுத்தித்தான் உடைக்க வேண்டும்.

எண் திடீரென இறங்கி, கேஸும் மெலிந்து, தொட்டியில் விறகு அப்படியே நின்றால், விறகு தொங்கிவிட்டது. கீழே குகை போல வெற்றிடம் எரிந்துகொண்டிருக்கும். தொட்டியை வெளியே இருந்து மரச்சுத்தியலால் தட்டுங்கள், பக்கத்துக் குத்துத்துளை வழியாகக் கம்பியால் இறக்கிவிடுங்கள். அடிக்கடி தொங்கினால் குற்றம் எந்திரத்தில் இல்லை, துண்டு வெட்டும் ஆளிடம் இருக்கிறது. நீளத் துண்டும் நாரும் கலந்து வருகிறது என்று பொருள்.

அரைமணி நேரமாகியும் வெண்புகையே வந்தால் ஈரம், அல்லது சாம்பல் கதவு ஓரத்தில் காற்று புகுகிறது. கதவின் செராமிக் கயிற்றை மாற்றுங்கள். சாம்பல் அறைத் தகடு இருட்டில் சிவந்து தெரிந்தால், உள்ளே புகுந்த காற்றில் கேஸ் அங்கேயே எரிகிறது. உடனே நிறுத்துங்கள். பர்னரில் நெருப்பு எகிறி எகிறி அணைந்தால் காற்றுப் பொந்து அதிகம் திறந்திருக்கிறது, இல்லையென்றால் குழாயின் தாழ்ந்த வளைவில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தாழ்ந்த வளைவிலும் வடிகுழாய் வையுங்கள். வால்வைத் திறக்கும்போது அதிலிருந்தும் கேஸ் வரும் என்பது நினைவிருக்கட்டும்.

நிறுத்துவது, கழிவு

அடுப்பு வால்வை மூடி, ப்ளோயரை நிறுத்தி, நாசில் வாய்களை மூடி, சோதனைக் குழாயையும் மூடுங்கள். காற்றில்லாமல் தானாக அடங்கிவிடும், உள்ளே மிச்சமிருக்கும் கரி நாளைக்கு உதவும். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். சிவந்த கரியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஒரே மூச்சில் கிளம்பும், ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், சூடான வார்ப்பும் பிளக்கும். மறுநாள் காலையில் முதலில் தொட்டி மூடியைத் திறந்து பத்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் சாம்பல் கதவுப் பக்கம் குனிய வேண்டும். இரவு முழுக்க அடைந்து கிடந்த கேஸ் உள்ளே இருக்கும்.

சாம்பல் அறையில் கிடைப்பதில் சாம்பலைவிடக் கரித்தூளே அதிகம். மூடியுள்ள இரும்பு டிரம்மில் இரண்டு நாள் வையுங்கள்; அணைந்தது போலத் தெரிகிற கரி சாக்கில் போட்ட இரவில் புகைந்து எழும். ஆறியபின் சாணத்தோடு கலந்து மட்கவிட்டால் தோட்டத்துக்கு ஆகும்.

வடிகுழாயில் சொட்டும் கறுப்புத் தண்ணீர் விஷயத்தில் ஒரு சமாதானமும் கிடையாது. அதில் ஃபீனால் என்ற நச்சு இருக்கிறது. வாய்க்காலில் ஊற்றினால் அது தாமிரபரணிக்குப் போகும். தரையில் ஊற்றினால் பக்கத்துக் கிணறு காட்டிக் கொடுக்கும். பிளாஸ்டிக் கேனில் பிடித்து வைத்து, கரித்தூளில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, சிறு அளவாக விறகோடு மேலே போட்டு உள்ளேயே எரியுங்கள். கேஸைத் தண்ணீர் தெளித்துக் கழுவும் ஏற்பாட்டைச் சூட்டு எந்திரத்தில் வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். காய்ந்த விறகு போட்டு, கேஸைச் சூடாகவே பர்னருக்குக் கொண்டுபோனால் நாளுக்கு அரை லிட்டர்கூடச் சேராது. கேன் வேகமாக நிரம்பினால் விறகுக் குவியலுக்குப் போய்த் தராசை எடுங்கள்.

ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படி ஓட்டிய பிறகு இன்ஜின் ஆசை வந்தால், முதலில் சோதனைக் குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, நெருப்பில்லாமல், திறந்த வெளியில் ஒரு நிமிடம் கேஸை விட்டுப் பாருங்கள். துணியில் பழுப்புக் கறை படிந்தால் இன்னொரு வருடம் அல்வாச் சட்டிக்கே கேஸ் கொடுங்கள். சாம்பல் நிறத் தூசி மட்டும் படிந்தால் கூலரும் துணி வடிகட்டியும் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.